மறு: தோல் புற்றுநோய்க் கட்டுரை – 'சூரிய வெளிப்பாடு' வேண்டுமா?

> 'சூரிய வெளிப்பாடு' ஏற்கெனவே பரவிவிட்டது. இல்லையென்றால் 'வெயில்படல்' என்று எளிதாக வைக்கலாமே?

நண்பர்களுக்கு வணக்கம். தோல் புற்றுநோய்க் கட்டுரையில் 'sun exposure' என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

'சூரிய வெளிப்பாடு' பரவியது உண்மைதான். ஆனால் படித்தால் சூரியன் எதையோ வெளிப்படுத்துவது போல இருக்கிறது. நமக்கு வேண்டியது தோல்மீது கதிர் விழுவது. போதாததற்கு, மரபணுவைப் பற்றி எழுதுபவர்கள் 'வெளிப்பாடு' என்பதை வேறு பொருளில் (மரபணு செயல்படுவது, gene expression) எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

'வெயில்படல்' காதுக்கு நன்றாக இருக்கிறது. வெயில் படாத இடம், வெயில் பட்ட தோல் என்று தினமும் பேசுகிறோம். சிக்கல் என்னவென்றால், வெயில் என்றதும் சூடுதான் நினைவுக்கு வரும். தோல் செல்லின் டி.என்.ஏ.வைக் கெடுப்பது சூடல்ல, புறஊதாக் கதிர். மலையில் ஏற ஏறக் குளிர்கிறது. புறஊதாவோ ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. புதிதாக விழுந்த பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். பனிச்சறுக்கு ஆடுபவருக்கு மோவாயின் அடிப்பக்கம்கூடச் சிவந்துபோகும். அதை 'வெயில்படல்' என்று எழுதக் கை வருமா?

ஆகவே 'கதிர்படல்' என்பேன். கதிர்பட்ட தோல், கதிர்படாத இடம் என்று வினையாகவும் வளையும்.

கதிர்படலில் வகைகள் உண்டு; அதனால் சொல் அடைமொழியையும் தாங்க வேண்டும். மெலனோமா (தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் புற்று) விகிதம் உலகிலேயே அதிகம் இருப்பது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும். கதிர் கடுமையான நிலம், அங்கே குடியேறிய ஐரோப்பியரின் வெளிர் தோல் – இரண்டும் சேர்ந்த விளைவு. ஆனால் ஐரோப்பாவுக்குள் கணக்கு தலைகீழ்: மத்தியதரைக்கடல் நாடுகளைவிட நார்வே, ஸ்வீடனில்தான் அதிகம். அட்சரேகையை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அங்கே தோல் இன்னும் வெளிர். ஆண்டில் பெரும்பகுதி மங்கல் வெளிச்சம். அப்புறம் விடுமுறைக்குத் தெற்கே போய்க் கடற்கரையில் கிடந்து தோல் பொசுங்கத் திரும்புவது. இது 'விட்டுவிட்டுக் கதிர்படல்'; மெலனோமாவோடு நெருக்கம் இதற்குத்தான் அதிகம். வயல், கட்டடம், மீன்பிடி என்று ஆயுள் முழுக்கச் சேர்வது 'திரள் கதிர்படல்'. செதிள்செல் புற்றோடு (தோலின் மேலடுக்குச் செல்களில் வருவது) ஒட்டியது அது. 'விட்டுவிட்டு வெளிப்பாடு' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், போதும்.

கருந்தோலருக்கு உள்ளங்காலில் வரும் மெலனோமா வெயிலால் வருவதல்ல. கட்டுரையில் அதைச் சொல்லும் பத்தியில் இந்தச் சொல்லே வேண்டாம்.

இன்னும் இடிப்பது ஒன்றுதான்: எவ்வளவு கதிர் பட்டது என்பதற்குச் சொல். 'கதிரளவு' என்றால், அது எங்கள் சொல் என்று கதிர்வீச்சுச் சிகிச்சை பற்றி எழுதுபவர்கள் சண்டைக்கு வருவார்கள். 'படுகதிர் அளவு' எப்படி?