ஆஸ்பத்திரித் தரையில் வழுக்கி விழுந்த நர்ஸுக்கு சிக் லீவா, ஈ.எஸ்.ஐ. விபத்துப் பணமா?

பள்ளத்தூர்_வாசல்:
காரைக்குடிப் பக்கம் 25 பேர் வேலை பார்க்கும் தனியார் நர்சிங் ஹோம். பழைய வளவு வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் (வழவழப்பான சிமெண்டுத் தரைக்கல்). காலை ஷிஃப்ட் மாறும்போது, துடைத்த ஈரம் காய்வதற்குள் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போன ஸ்டாஃப் நர்ஸ் வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. அங்கேயே எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டும் போட்டார்கள். ஆறு வாரம் கட்டு இருக்கும். சம்பளம் 15,000, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு. "சிக் லீவ் எழுதிக் கொடும்மா, வைத்தியச் செலவை நாங்க பாத்துக்குறோம்" என்கிறது நிர்வாகம். "நீ பார்த்து நடந்திருக்கணும்" என்ற பேச்சும் வருகிறது. விழுந்து நான்கு நாள் ஆகிறது. எழுதிக் கொடுக்கலாமா?

கிளை_அலுவலகம்:
கொடுக்கவே வேண்டாம். இது நோய் இல்லை, வேலையில் ஏற்பட்ட காயம். ஈ.எஸ்.ஐ.யில் இரண்டும் தனித்தனிக் கணக்கு.

நோய் விடுப்பு என்றால் தினக்கூலியில் 70 சதவீதம்தான். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது, ஆண்டுக்கு 91 நாளோடு நின்றுவிடும், அதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் (சந்தா கணக்கிடும் ஆறு மாதம்) 78 நாள் சந்தா கட்டியிருக்கவும் வேண்டும். வேலை விபத்து என்றால் 90 சதவீதம். சந்தா நாள் கணக்கே பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உண்டு. விபத்து நடந்த நாளைக் கழித்து மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 15,000 சம்பளத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 ரூபாய், அதில் 450 கையில் வரும். 42 நாளுக்கு 18,900. நோய்க் கணக்கில் அதே காலத்துக்கு 14,000.

இந்த வித்தியாசத்தைவிடப் பெரிய இழப்பு பின்னால் வரும். மணிக்கட்டு முறிவு கூடிய பிறகும் சிலருக்குக் கை முழுதாகத் திரும்பாது, பிடிமானம் குறையும். ஊசி போடுகிற, நோயாளியைத் தூக்குகிற கைக்கு அது பிழைப்புப் பிரச்சினை. அப்போது மருத்துவக் குழு பார்த்து, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று நிர்ணயித்தால், அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். விபத்தாகப் பதிவாகாத காயத்தோடு அந்தக் குழுவின் முன் போய் நிற்க வழியே இல்லை.

கவனக்குறைவு என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். யார் தப்பு என்பது இந்தப் பணத்துக்கு ஒரு கேள்வியே இல்லை.

பள்ளத்தூர்_வாசல்:
நன்றி அண்ணே. விபத்துப் புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை. கேஸ் ஷீட்டில் 'கீழே விழுந்ததில் காயம்' என்று மட்டும் இருக்கிறது. இப்போது என்ன செய்ய?

கிளை_அலுவலகம்:
ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு அடிக்கடி நடப்பது இதுதான். வேறு இடத்தில் வேலை பார்ப்பவர் விழுந்து அரசு மருத்துவமனைக்குப் போனால் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) இருக்கும். சொந்த இடத்திலேயே கட்டுப் போட்டால், எங்கே எப்படி விழுந்தார் என்று எந்தக் காகிதமும் சொல்லாது.

இன்றைக்கே நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். தேதி, மணி, எந்த வராந்தா, என்ன வேலையாகப் போனார், தரை ஈரம், எந்தக் கை, பார்த்தவர்கள் இரண்டு பேர் பெயர். வலது கையில் கட்டு என்பதால் வேறொருவர் எழுதி, இவர் இடக்கையால் கையெழுத்தோ ரேகையோ வைக்கலாம். நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட். படிவம் 11 என்கிற விபத்துப் புத்தகத்தில் பதிவதும், படிவம் 12-ஐ 24 மணி நேரத்துக்குள் அனுப்புவதும் முதலாளி கடமை. தாமதமானாலும் அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். அனுப்ப மறுத்தால் கடித நகலோடு ஈ.எஸ்.ஐ. கிளை மேலாளரிடம் நேரில் மனு கொடுங்கள்; அவர்கள் விசாரிப்பார்கள்.

கூடவே ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போய்ச் சான்று வாங்க வேண்டும். தனியார் டாக்டர் சீட்டை வைத்துப் பணம் வராது. கட்டுப் போடுவதற்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; மருத்துவக் குழு கேட்பது அதைத்தான். வராந்தாவில் கேமரா இருந்தால் அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

தொழிற்சங்கத்_தோழர்:
அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். 2025 நவம்பர் 21 முதல் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-க்குள் போய்விட்டன. இணையத்தில் கிடைக்கும் மாதிரி மனுக்களில் பழைய பிரிவு எண்கள்தான் இருக்கும். எண் போடாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது, துடைக்கிற அம்மாக்கள். காண்ட்ராக்டில் வந்தவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள், இழப்பீடு கேட்பதோ குறைவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 21,000 வரை சம்பளம் வாங்கும் காண்ட்ராக்ட் ஆளுக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு. காண்ட்ராக்டர் சந்தா கட்டவில்லை என்றால் கட்ட வேண்டிய பொறுப்பு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். சம்பளம் 21,000-க்கு மேலே போன சீனியர் நர்ஸுக்கு வழி வேறு: இழப்பீட்டு மனு, விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள். எந்தெந்த வேலைக்கு இழப்பீடு என்று அட்டவணை இருப்பதால், நர்ஸ் வேலை அதில் வராது என்று ஆஸ்பத்திரி வாதாடப் பார்க்கும். வக்கீல் இல்லாமல் போக வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும். சிவகங்கை நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள்.

கல்லுப்பட்டறை:
தரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால்தான் அந்த வழவழப்பு. தண்ணீர் நின்றாலே சறுக்கும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் வேறு; அதன் மேல் சோப்புத் தண்ணீரும் படிந்தால் கால் நிற்காது. ஆஸ்பத்திரி ஆன பிறகு எண்ணெயை விட்டுவிட வேண்டும். வராந்தாவை நீளவாக்கில் பாதி பாதியாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் ஒரு தடவை, காய்ந்த மாப்பால் ஒரு தடவை எடுங்கள். மழை பெய்தால் முற்றத்துச் சாரல் விழும் ஓரத்தில் ரப்பர் விரிப்பு. கறை போகிறதென்று ஆசிட் ஊற்றாதீர்கள், சிமெண்டுக் கல் அரித்துப்போகும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் துடைப்பதை நிறுத்தினாலே பாதி ஆபத்து குறையும்.

பள்ளத்தூர்_வாசல்:
கடிதம் தயார், நாளைக் காலை கொடுக்கிறோம். கட்டுப் பிரித்ததும் நேரே டியூட்டிக்குப் போகலாமா?

கிளை_அலுவலகம்:
வேண்டாம். வேலைக்குத் தகுதி என்று ஈ.எஸ்.ஐ. டாக்டர் இறுதிச் சான்று கொடுத்த பிறகு போகட்டும். இடையில் ஒரு நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுந்தாலும் அந்த நாளுக்குப் பணம் கிடையாது. பணம் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் முடியாது. அந்தப் பயம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கை வளைவதில் குறை தெரிந்தால் இறுதிச் சான்று வாங்கும்போதே மருத்துவக் குழுவுக்கு அனுப்பக் கேளுங்கள்.