மறு: ஃபுல் சைஸ் காருக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மிச்சிகன் – செவ்வாய்

குழுவினருக்கு வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் நிலைப் பிள்ளைகள் ஒரு காட்சிப் பலகை செய்கிறார்கள். எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் 1964 செவர்லே இம்பாலாவை வாங்கி, ஆறு வருடம் உழைத்து, அந்தக் காலத்தில் இருந்தபடியே ஆக்கியிருக்கிறார். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புக் கொட்டுவார்கள் அல்லவா, அது அடித்தகட்டைத் தின்றுவிட்டிருந்தது. மொத்தத்தையும் வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்தாராம். பின்புறம் பக்கத்துக்கு மூன்றாக ஆறு விளக்குகள். பிள்ளைகள் அதைவிட்டு நகரவே இல்லை.

'ரெஸ்டோர்டு' என்பதற்குப் 'புதுப்பித்த' என்று போட்டுவிட்டோம். மாட்டிக்கொண்டது, இங்கே பெரிய கார் வகையைச் சொல்லும் 'ஃபுல் சைஸ்' என்ற இடத்தில்தான். 'பெரிய கார்' என்று எழுதினால், "எஸ்யூவியும் பெரிசுதானே டீச்சர்?" என்கிறான் ஒருவன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உதவுங்கள்.

சென்னை – செவ்வாய்

'முழுவளவு'. முழுக்கைச் சட்டை, முழுப்பரீட்சை மாதிரி. ஐந்து நிமிட வேலை, டீச்சர்.

தஞ்சாவூர் – புதன்

ஐந்து நிமிடத்தில் ஆக்கிய சொல் ஐந்து நிமிடம்தான் நிற்கும், தம்பி. முதலில் 'கார்' எதற்கு? மகிழுந்து இருக்கிறதே. 'பெருமகிழுந்து' என்க. 'புதுப்பித்த' என்பதும் பிழை. புதுப்பித்தால் புதிதாகும்; அவரோ பாடுபட்டு அதைப் பழையபடி ஆக்கியிருக்கிறார். கோயிலுக்கு நாம் சொல்லும் 'திருப்பணி'யில் இந்தப் பொருள் முழுதாக இருக்கிறது. 'திரு' உறுத்தினால் 'பழம்பணி' என்று வைக்கலாம்.

இம்பாலா என்பது சூலு மொழிச் சொல், ஆப்பிரிக்க மான் ஒன்றின் பெயர். நம்மிடம் 'இரலை' இருக்கையில் அதையும் ஏன் அப்படியே விட வேண்டும்?

கோயம்புத்தூர் – புதன்

ஐயா, முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். "மகிழுந்து ஸ்டார்ட் ஆகலை" என்று இதுவரை ஒருவர் வந்ததில்லை. அப்புறம், பெருமை உந்தோடு சேர்ந்து ஏற்கெனவே 'பேருந்து' ஆகிவிட்டது. நடுவில் மகிழ்ச்சியைச் செருகினால் டூரிஸ்ட் பஸ்தான் கிடைக்கும். 'சிற்றுந்து' மினிபஸ்ஸுக்குப் போயாயிற்று.

இரலை வேண்டவே வேண்டாம். இரலைக்கு முறுக்குக் கொம்பு. இம்பாலா மானுக்கு யாழ் போல வளைந்த கொம்பு. வேறு வேறு விலங்கு. அதோடு அது காரின் பெயர், பெயரை மொழிபெயர்ப்பார்களா? 1965-ல் ஒரே வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற பெயர் ஐயா அது.

டீச்சர், ஒரு விஷயம். 1964 என்றால் கீழே வண்டியைத் தாங்குகிற எக்ஸ் வடிவச் சட்டம் (ஃபிரேம்) இருக்கும். 1958-லிருந்து அந்த வருடம் வரை அப்படித்தான். நடுவில் குறுகி இரண்டு பக்கமும் விரியும், கதவோரமாகச் சட்டமே ஓடாது. 1965-ல் சுற்றிவரும் சட்டத்துக்கு மாறினார்கள். காரை ஜாக்கியில் ஏற்றும்போது பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கீழே யாரும் போகக் கூடாது.

சேலம் – புதன்

ஒரு சிறு குறிப்பு. 'கார்' தமிழ்ச் சொல்லாக ஏன் இருக்கக்கூடாது? கார் என்றால் கருமை. ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. சிந்திக்க.

சென்னை – புதன்

சிந்தித்தேன். மாடல் டி 1908-லேயே வந்துவிட்டது, அப்போது வேறு நிறங்களும் இருந்தன. அந்தச் சொல் லத்தீன் 'கார்ருஸ்' வழியாக வந்தது, அதற்கும் முன்னால் கெல்டிக். கார்காலத்தை விட்டுவிடுங்கள்.

மதுரை – வியாழன்

எல்லாரும் 'பெரிய' என்பதற்குச் சொல் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். டீச்சரின் மாணவன் கேட்டதுதான் சரியான கேள்வி.

1958-ல் இம்பாலா, செவர்லேயின் பெல் ஏர் வரிசையின் உச்ச வகையாக வந்தது. 1959-ல் தனி வரிசை ஆனது. கொர்வெட் என்ற இருவர் காரை விட்டால் அன்றைக்குச் செவர்லேயில் காருக்கு ஒரே அளவுதான். அடைமொழிக்குத் தேவையே இல்லை. 1960-ல் கொர்வேர், 1962-ல் செவி டூ, 1964-ல் செவல் என்று அளவில் சிறிய தம்பிகள் வரிசையாக வந்தார்கள். அண்ணனை 'முழு' என்று சுட்ட வேண்டி வந்தது அப்போதுதான்.

நமக்கு இது புதிதா? எள்ளின் நெய்தான் எண்ணெய். கடலையும் தேங்காயும் அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, பாவம், அசல் எண்ணெய் 'நல்லெண்ணெய்' ஆனது. பிராய்லர் வரும்வரை நாட்டுக்கோழி வெறும் கோழிதான்.

அளவும் நிலையாக நின்றதில்லை. 1964-ல் வீல்பேஸ், அதாவது முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் உள்ள இடைவெளி, 119 அங்குலம். எழுபதுகளில் 121.5. 1977-ல் 116 ஆகச் சுருக்கினார்கள். அப்போதும் அது 'ஃபுல் சைஸ்'தான். ஆக, இது குடும்பத்தில் உள்ள இடத்தைச் சொல்லும் சொல். 'மூத்த கார்' என்பேன்.

(வீல்பேஸுக்குத் தமிழ் கேட்டு இன்னோர் இழையை யாரும் தொடங்க வேண்டாம்.)

தஞ்சாவூர் – வியாழன்

அம்மா, எண்ணெய்ச் சான்று அருமை. ஆனால் 'மூத்த கார்' என்றால் வயதான கார் என்றே படிப்பார்கள். இதுவோ உண்மையிலேயே வயதான கார், குழப்பம் இரட்டிப்பாகும். தம்பியின் 'முழுவளவு'க்கே வருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகர உடம்படுமெய் சரி. ஆயினும் 'முற்றும் அற்று ஒரோவழி' (முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும்) என்று நன்னூல் இடம் தருவதால் 'முழளவு' என்றும் சுருக்கலாம்.

சென்னை – வியாழன்

முழம் போட்டு அளந்த கார் என்று நினைப்பார்கள் ஐயா.

கோயம்புத்தூர் – வியாழன்

மதுரை அம்மா சொல்வது ஞாயம். ஆனால் இப்போது அமெரிக்க அரசே அளந்து வைத்திருக்கிறது. ஆள் உட்காரும் இடமும் டிக்கியும் சேர்த்து 120 கன அடி இருந்தால் அது 'பெரிய' கார். நீளத்துக்கு அதில் வேலையில்லை.

அந்த 1964 வண்டி அம்பாசடரைவிட ஒரு மீட்டர் நீளம். அந்த மாதிரி வண்டியை எங்கள் அப்பா 'படகு கார்' என்பார். ஊரில் எல்லாருக்கும் புரிந்தது. நீங்களும் அப்படியே எழுதிவிட்டுப் போங்களேன்.

மதுரை – வியாழன்

படகு கார் என்றால் தண்ணீரில் ஓடுகிற கார் என்று டீச்சரின் மாணவன் கேட்பான்.

மிச்சிகன் – வெள்ளி

அனைவருக்கும் நன்றி. நேரமாகிவிட்டதால் 'முழுவளவு' என்றே கொடுத்துவிட்டேன். மூன்று பேர் ஒருமாதிரி ஒத்துக்கொண்டது போலத் தெரிந்தது. எண்ணெய்க் கதையைப் பிள்ளைகள் பலகையில் ஒரு கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். காரின் படத்துக்குக் கீழே 'படகு கார்' என்று அவர்களே பென்சிலால் சேர்த்துவிட்டார்கள், நான் அழிக்கவில்லை. படம் இணைப்பில்.

தஞ்சாவூர் – வெள்ளி

படம் கண்டேன், மகிழ்ச்சி. 'முழுவளவு கார்' என்று இருக்கிறது. 'க்' எங்கே? மகிழுந்து குறித்த என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும்.

சென்னை – வெள்ளி

'அளவுகோல்' என்பதில் க் மிகவில்லையே ஐயா?

தஞ்சாவூர் – வெள்ளி

அது வேறு. திங்கட்கிழமை விரிவாக எழுதுகிறேன்.