கொள்ளுத்தாத்தாவின் முதல் உலகப்போர் பதக்கம்: எந்தப் படை, எந்த ஊர் என்று கண்டுபிடிக்க உதவி தேவை

பொன்மலைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரில் பஸ்ராவுக்குப் போய் வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். திரும்பி வந்து ரயில்வேயில் சேர்ந்து, திருச்சி பொன்மலைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். எங்களுக்குத் தெரிந்த குடும்பக் கதை பொன்மலையில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் "தெக்க இருந்து வந்தவங்க" என்பதோடு சரி. எந்த ஊர், அங்கே பங்காளிகள் இருக்கிறார்களா, எதுவும் தெரியாது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் நடமாட்டமாக இருக்கும்போதே பூர்வீக ஊருக்கு ஒருமுறை அழைத்துப் போக வேண்டும்.

கையில் இருப்பது ஒரு வெள்ளிப் பதக்கம் மட்டும். ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள், 1914, 1918 என்ற ஆண்டுகள். ஓர் இராணுவ அலுவலகத்துக்கு எழுதினேன், பெயரை மட்டும் வைத்துத் தேட முடியாது என்று பதில் வந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் அதே பெயரில் நிறையப் பேர் வருகிறார்கள். இவர்களில் எங்கள் தாத்தா யார் என்று எப்படிப் பிரிப்பது?

பதக்கம் சேகரிப்பவர்:
அந்தப் பட்டியலில் உங்கள் தாத்தா இருக்க மாட்டார். போரிலோ, போர்க்கால நோயிலோ இறந்தவர்களின் பெயர்கள்தான் அதில் உண்டு. பஸ்ரா நினைவுச்சின்னமும் அப்படித்தான், மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்து, கல்லறை தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது. உயிரோடு திரும்பியவருக்கு வேறு வழியில்தான் தேட வேண்டும்.

நீங்கள் சொல்வது பிரிட்டிஷ் வார் மெடல். அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படை நான்கும் அங்கே பொறித்திருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துத் தேய்த்து எழுத்தே அழிந்த பதக்கங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். இன்னொன்று, இதே பதக்கம் தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில் கொடுக்கப்பட்டது. உங்களுடையது வெள்ளி என்பதே ஒரு தகவல்.

பொன்மலைக்காரன்:
மிக்க நன்றி சார். விளிம்பில் எழுத்து இருக்கிறது! முதலில் நான்கு இலக்க எண், அடுத்து "சாப்பர்", பிறகு தாத்தா பெயர் (எழுத்துக்கூட்டல் கொஞ்சம் விநோதம்), கடைசியில் "2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்." இது எந்த ரெஜிமென்ட்? மெட்ராஸ் என்று எங்கேயும் இல்லையே.

முன்னாள் ஹவில்தார்:
தம்பி, அது எங்கள் படை! விக்டோரியா ராணியின் பெயர் தாங்கிய இரண்டாம் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். 1903இல் இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் படைகளுக்கு எண் மாற்றியபோது வங்காள சாப்பர்ஸ் 1, மதராஸ் சாப்பர்ஸ் 2, பம்பாய் சாப்பர்ஸ் 3 என்று ஆனது. அதனால்தான் பதக்கத்தில் மெட்ராஸ் என்ற சொல் இல்லை. அந்த '2' தான் மெட்ராஸ். இன்று இது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், பெங்களூரு. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் காலாட்படை. இரண்டும் வேறு, ஆவண அலுவலகமும் வேறு.

ரயில்வேப் பட்டறைக்கு எப்படிப் போனார் என்பதும் இதில் புரிகிறது. சாப்பர் என்றால் பாலம் கட்டுவது, ரோடு போடுவது, தச்சு, கொல்லு என்று கைத்தொழில் தெரிந்தவர்.

இனி யாருக்கு எழுதினாலும் எண்ணை முதலில் எழுதுங்கள். நம் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர். ராமசாமி, முத்துசாமி என்று ஒரே கம்பெனியில் (படையின் ஒரு சிறு பிரிவு) பலர் இருப்பார்கள், அதிலும் ஆள் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். பெயர் ஏமாற்றும். எண்ணும் படையும் சேர்ந்தால்தான் ஆள்.

ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஷீட் ரோல் என்று ஒரு தாள் உண்டு. தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா, ஜாதி, வாரிசு, உடல் அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பென்ஷன் இல்லாதவர்களின் தாள்களைப் பொதுவாக 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. லாங் ரோல் என்ற பதிவேடு நிரந்தரமாக வைக்க வேண்டியது. அதனால் "சர்வீஸ் ரெக்கார்டு கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், "இந்த எண்ணுக்கான லாங் ரோல் பதிவின் நகல்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு போடலாம். நூறு வருஷத்துப் பதிவு, கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கேட்காமல் விடாதீர்கள்.

வரலாற்று மாணவி:
லண்டனில் தேடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தனிநபர் விவரம் பெரும்பாலும் ஐரோப்பியர்களைப் பற்றியது. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு அங்கே பணம் செலவழிக்கும் முன் யோசியுங்கள். படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் தேடிப் பாருங்கள். சிப்பாய் பெயர் அவற்றில் அபூர்வம். ஆனால் கம்பெனி எண் தெரிந்துவிட்டால், அந்தக் கம்பெனி எந்த நாள் எங்கே பாலம் போட்டது என்று படிக்கலாம்.

பஞ்சாப் வீரர்களின் பதிவேடுகள் இணையத்தில் வந்த செய்தியைப் பார்த்துச் சிலர் அங்கே தேடுகிறார்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த அவை பஞ்சாப் மாகாணத்துக்கு மட்டும் உரியவை.

பத்திர எழுத்தர் மகள்:
இராணுவத் தாள் கிடைக்காவிட்டாலும் ஊரைக் கண்டுபிடிக்கலாம் தம்பி. தாத்தா பொன்மலையில் மனையோ வீடோ வாங்கினாரா? பழைய கிரயப் பத்திரத்தைத் தேடுங்கள். அந்தக் காலப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், ஜாதி, தொழில், ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாக எழுதுவார்கள். வெளியூர்க்காரர் என்றால் "இன்ன ஊரிலிருந்து வந்து தற்சமயம் இங்கே குடியிருக்கும்" என்றும் சேர்ப்பதுண்டு. மூலப் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடுங்கள். ஆண்டும் பத்திர எண்ணும் தெரியாவிட்டால், இப்போது அந்த இடம் வைத்திருப்பவரின் தாய்ப்பத்திரத்தில் பழைய எண் இருக்கும்.

அப்புறம் முக்கியமான கேள்வி. உங்கள் குலதெய்வம் எது? ஊர் மாறினாலும் அதை மாற்ற மாட்டார்கள். வீட்டுப் பெரிய பெண்களைக் கேளுங்கள், முதல் மொட்டை எங்கே எடுத்தார்கள் என்று.

பொன்மலைக்காரன்:
அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீட்டை விற்றபோது பத்திரமும் போய்விட்டது என்றே நினைத்திருந்தோம். இப்போதைய உரிமையாளர் நல்ல மனிதர், தாய்ப்பத்திரத்தின் நகல் கொடுத்தார். அதில் தாத்தாவை "இராமநாதபுரம் ஜில்லா சாத்தூர் தாலுகா" என்று எழுதி, கிராமத்தின் பெயரும், அவர் அப்பாவின் பெயரும் இருக்கின்றன. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா அதை உரக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசவே இல்லை. சாமி பற்றி அத்தையிடம் கேட்டேன். அய்யனார், கண்மாய்க் கரையில் கோயில், சாத்தூரில் இறங்கி வண்டி கட்டிப் போவார்கள் என்று அவர் அப்பத்தா சொல்லக் கேட்டதாகச் சொல்கிறார். இராமநாதபுரத்துக்கும் சாத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் குழப்பம்.

வரலாற்று மாணவி:
குழப்பமே இல்லை. 1910இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துத்தான் ராம்நாட் (இராமநாதபுரம்) ஜில்லாவை உருவாக்கினார்கள். அதற்கு முன் சாத்தூர் திருநெல்வேலியில் இருந்தது. 1985இல் பிரிந்ததுதான் இன்றைய விருதுநகர் மாவட்டம். ஒரே கிராமம், மூன்று மாவட்டம். 1910க்கு முந்தைய நில ஆவணங்களை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடும்போது திருநெல்வேலி என்று கேளுங்கள்.

முன்னாள் ஹவில்தார்:
அருமை தம்பி. ஊர் தெரிந்துவிட்டது என்று மனுவை நிறுத்திவிடாதீர்கள். தகப்பன் பெயர், கிராமம், பழைய ஜில்லா மூன்றையும் சேர்த்தே போடுங்கள். பதிவில் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒத்துப் போனால் அது அவர்தான் என்பதில் சந்தேகம் வராது. ஊரில் பழைய கல் பலகை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று 1914–1919 போட்டுச் சில கிராமங்களில் நட்டிருக்கிறார்கள். பெயர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான்.

பத்திர எழுத்தர் மகள்:
அப்பாவை அழைத்துப் போவதென்றால் மாசிச் சிவராத்திரிக்குப் போங்கள் தம்பி. எங்கெங்கோ இருக்கும் பங்காளிகளும் அன்றைக்குக் குலதெய்வக் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். கோயில் வரி வசூலிப்பவரிடம் தலைக்கட்டுக் கணக்கு நோட்டு இருக்கும். தாத்தாவின் அப்பா பெயரைச் சொல்லி, எந்த வகையறா என்று கேளுங்கள். பத்திர நகலையும் பதக்கத்தின் படத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.