சிமுலேட்டரில் பழகியதில் எதை விமானத்துக்குக் கொண்டுபோகலாம்?

நீலவான்:
அடுத்த மாதம் ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி) தொடங்குகிறது. பெரும்பகுதி லெவல் டி சிமுலேட்டரில்தான் (அறையே அசையும், மிக உயர்ந்த தரச் சிமுலேட்டர்). அதில் பழகுவதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? வீட்டுக் கணினியில் எக்ஸ்-பிளேன் என்ற பறப்பு மென்பொருள் உதவுமா?

வால்சிறகு:
செயல்முறைகளைத் தயங்காமல் நம்பலாம். வி1 வேகத்தில் (அதற்குமேல் புறப்பாட்டைக் கைவிட முடியாத வேகம்) ஒரு இன்ஜின் போவதை நிஜ விமானத்தில் பழகுவது உயிருக்கே ஆபத்து. சிமுலேட்டரில் அதே எடை, அதே காற்று வைத்து ஒரே அமர்வில் பலமுறை செய்யலாம். ஓடுபாதையின் நடுக்கோட்டை ரட்டரால் (காலால் இயக்கும் வால் சுக்கானால்) பிடியுங்கள், வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக மூக்கைத் தூக்கி 12.5 பாகையில் நிறுத்துங்கள், நீல பீட்டா டார்கெட்டை (திரையில் பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் குறியை) ரட்டராலேயே நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ரட்டர் போதாததைச் சைடுஸ்டிக்கால் (பக்கவாட்டுக் கைப்பிடியால்) ஈடுகட்டினால் இறக்கை மேலுள்ள ஸ்பாய்லர் தகடு எழும்பும், இழுவை கூடும், ஏற்றம் குறையும். முதலில் கியரைத் (சக்கரங்களைத்) தூக்கி எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதோடு சரி. ஈகாம் (கோளாறையும் செய்ய வேண்டியதையும் காட்டும் திரை) சொல்லும் வேலை 400 அடிக்குப் பிறகு.

ஆறுகால்:
ஆனால் உடம்பு சொல்வதை நம்பாதீர்கள். புறப்படும்போது முதுகு இருக்கையில் அழுந்துவதுபோல் இருப்பது, அறையை மெல்லப் பின்னால் சாய்ப்பதால் வருவது. 0.2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.2 மடங்கு) காட்டவே ஏறத்தாழ 11.5 பாகை சாய்க்க வேண்டும். தொடர்ந்து நீடிக்கும் 2 ஜியை எப்படிச் சாய்த்தாலும் காட்ட முடியாது. அதனால் மூக்குக் கவிழ்ந்த விமானத்தை மீட்கும்போது 2.5 ஜி வரம்பைத் தாண்டி இழுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. நார்மல், ஆல்டர்னேட் லாக்களில் (விமானக் கணினியின் கட்டுப்பாட்டு நிலைகளில்) ஏ320 உங்களைத் தடுக்கும், பாதுகாப்பு விலகிய டைரக்ட் லாவில் தடுக்காது. பயிற்சி முடிந்ததும் எத்தனை ஜி போனது என்று பயிற்றுநரின் திரையில் கேட்டுப் பாருங்கள்.

தரவுக்காரர்:
இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சிமுலேட்டருக்குள் இருப்பது சோதனைப் பறப்பில் அளந்த தரவு. அளக்காத இடத்தில் அது ஊகம். 2009இல் அமெரிக்காவில் கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407ஆம் விமானம் விபத்துக்குள்ளான பிறகுதான் அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு முழு ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) பயிற்சி கட்டாயமானது; அதற்கான சிமுலேட்டர் தரத்தை எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) 2016இல் வகுத்தது. உங்கள் கருவிக்கு அந்தத் தகுதி உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டால் நெருங்குவதாக வரும் முதல் எச்சரிக்கையோடு மீட்பைத் தொடங்கிவிட வேண்டும், அதற்கு அப்பால் கற்பது தவறான பாடமாகிவிடும்.

தவறான பாடம் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் 2001 நவம்பர் 12 அன்று விழுந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 587ஆம் விமானம். அந்நிறுவனத்தின் பயிற்சியில் சிமுலேட்டர் கட்டுப்பாடுகளின் பலனைச் சிறிது நேரம் மட்டுப்படுத்தி, விமானத்தை மிகையாகச் சாய்த்துக் காட்டியது. முன்னே சென்ற விமானத்தின் சுழல்காற்று எவ்வளவு கொடியது என்ற மிகையான எண்ணத்தை இது விமானிக்கு ஊட்டியிருக்கலாம் என்று என்.டி.எஸ்.பி. (அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பு) சுட்டிக்காட்டியது. ரட்டரை மாறி மாறி மிதித்ததில் அந்த ஏ300 விமானத்தின் செங்குத்து வால் முறிந்தது. 265 பேர் இறந்தார்கள்.

வால்சிறகு:
வீட்டுக் கணினி பற்றி: காக்பிட் ஃப்ளோ (பொத்தான்களை வரிசைப்படி இயக்குவது), எஃப்.எம்.எஸ். (பறப்பு மேலாண்மைக் கணினி) நிரப்புதல், வி.ஓ.ஆர். (தரையிலுள்ள வழிகாட்டி வானொலி நிலையம்) தடம் பிடித்தல் இவற்றுக்கு நல்லது. தரையிறக்கத்துக்கு வேண்டாம். "ஐம்பது, முப்பது, இருபது" என்று உயரத்தை அடியில் சொல்லும் குரலுக்கு ஏற்ப மூக்கைத் தூக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். விமானத்தில் கண் ஓடுபாதையின் கடைக்கோடியில் இருக்க வேண்டும்.