திருகோணமலையிலயும் துறைமுகம், சிங்கப்பூரிலயும் துறைமுகம், நாங்கள் எங்க பிழை விட்டம்?

நிலாவெளிப் பெடியன்:
கனநாளா மனசுக்குள்ள கிடக்கிற கேள்வி இது. எங்கட துறைமுகம் மாதிரி இயற்கைத் துறைமுகம் உலகத்திலயே குறைவு எண்டு சின்ன வகுப்பில இருந்து படிச்சு வாறம். சிங்கப்பூர் 1965ல தனிநாடாகேக்க குடிக்கிற தண்ணிக்கே மலேசியாவைத்தான் பாத்தது, தென்கொரியா சண்டையில தரைமட்டமாகிக் கிடந்த நாடு, இண்டைக்கு நான் அந்தக் கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சைக்குப் படிச்சுக்கொண்டு இருக்கிறன். அவங்கள் என்ன செய்தாங்கள்? யுத்தம் எண்டு மட்டும் சொல்லாதைங்கோ, அதில ஆக்களைப் பறிகுடுத்த வீடுதான் எங்கடையும்.

உப்புவெளி ரீச்சர்:
தம்பி, நான் ஏஎல், அதான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிச்சனான். துறைமுகம் இருந்தாக் காணும் எண்டு நினைக்கிறதுதான் முதல் பிழை. சிங்கப்பூர்க்காரர் 1961லயே பொருளாதார அபிவிருத்திச் சபை எண்டு துவங்கி, ஜூரோங்கில சதுப்பை நிரப்பி தொழிற்பேட்டை போட்டவை. 1968ல பிரிட்டிஷ் படை வெளிக்கிடப்போகுது எண்டு தெரிஞ்ச உடன, செம்பவாங்கில இருந்த கடற்படைத் தளத்தை எடுத்து கப்பல் திருத்திற கம்பனியா மாத்திப்போட்டினம், அங்க வேலை செய்த ஆக்களின்ர கைவேலை வீணாப் போகேல்ல. இப்ப எங்கடையைப் பாருங்கோ. அதே பிரிட்டிஷ் கடற்படை 1957ல திருமலையை விட்டிட்டுப் போனது. எங்கட துறைமுகப் பக்கம் சீனக்குடாவில நிக்கிற எண்ணெய்த் தாங்கியள் 99ஐயும் பிரிச்சுக் குடுக்கிற ஒப்பந்தம் வந்தது 2022 ஜனவரியில, 14 இந்தியன் ஒயிலுக்கு, 24 எங்கட பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 ரெண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதுவரைக்கும் மேல்பக்கத்துத் தாங்கியள் கனக்க காட்டுக்குள்ளதானே கிடந்தது. அந்த ரோட்டால போகேக்க எல்லாம் எனக்கு நெஞ்சு எரியும்.

தம்பலகாமத்தான்:
ரீச்சர் சொன்னது சரி, ஆனா எல்லாரும் துறைமுகத்தையும் பெக்டரியையும்தான் கதைக்கினம், வயலை ஒருத்தரும் கதைக்கிறேல்ல. தைவான் 1949ல குத்தகையை விளைச்சல்ல 37.5 வீதத்துக்கு மேல வாங்கக்கூடாது எண்டு சட்டம் போட்டு, 1953ல உழுறவனுக்கே காணியைக் குடுத்தது, காணி குடுத்த ஆக்களுக்கு நட்டஈட்டில 30 வீதம் அரச கம்பனிப் பங்கா, அப்ப காணிக்காரன்ர காசும் தொழிலுக்குள்ள போயிட்டுது. கொரியாவும் 1950ல காணியைப் பிரிச்சது. விவசாயின்ர கையில நாலு காசு நிண்டபடியாத்தான் பிள்ளையள் படிச்சதுகள். போன மாசி அறுவடைக்கு நாங்கள் நெல்லை ரோட்டில காயப்போட்டிருக்க வானம் இருட்டிக்கொண்டு வந்திட்டுது, அப்பா படங்கை இழுத்துக்கொண்டு ஓடுறார், லொறிக்காரன் ஈரம் எண்டு மூட்டைக்கு மூட்டை கிலோ கழிச்சு, தான் நினைச்ச விலையைச் சொல்றான், குடுக்காமலும் ஏலாது. காய வைக்க ஒரு களமும் அடுக்கி வைக்க ஒரு களஞ்சியமும் கிட்ட இருந்தா அண்டைக்கு அப்பா தலை குனிஞ்சிருக்க மாட்டார்.

கிண்ணியா நானா:
தம்பி, நான் 11 வருஷம் கட்டார்ல டிரைவர். வீடு கட்டினன், தங்கச்சியைக் கட்டிக் குடுத்தன், அல்ஹம்துலில்லாஹ், ஆனா தொழில் எண்டு ஒண்டும் கையோட கொண்டு வரல்ல. அதால உங்களுக்கு ஒரு விசயம் சொல்றன். பங்களாதேஷில தேஷ் எண்டொரு கம்பனி 1979ல 130 பேரைக் கொரியாவுக்கு, டேவூ கம்பனிக்கு அனுப்பி ஆறு மாசம் தையல் வேலை பழக்கிச்சு. திரும்பி வந்த ஆக்கள்ல கனபேர் பிறகு விலகிப் போய் வேற வேற தையல் பெக்டரியள்ல பொறுப்பா நிண்டாங்க, சிலர் சொந்தமாவே போட்டாங்க, இண்டைக்கு அந்த நாட்டு ஏற்றுமதில பெரும்பங்கு உடுப்புத்தான். இத்தனைக்கும் எங்கட கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் அதுக்கு ஒரு வருஷம் முந்தி, 1978ல துவங்கினது. கொரியாவுக்குப் போறது நல்லம், சம்பளத்தை மட்டும் பாத்துப் போகாதைங்க, கையில என்ன பழகிட்டு வரலாம் எண்டு பாருங்க. எந்தப் பிரிவுக்குப் போட்டிருக்கிறீங்க?

நிலாவெளிப் பெடியன்:
மீன்பிடிக்குத்தான் நானா, அப்பான்ர தொழில் எண்டு. ரீச்சர் சொன்ன செம்பவாங் கதையை வாசிச்சதில இருந்து வெல்டிங் பழகி கப்பல் கட்டுற பக்கம் போனா என்ன எண்டு ஓடுது. பிரிவு மாத்த ஏலுமோ எண்டு நாளைக்குக் காலமை விசாரிக்கப் போறன்.