கரவன் பிரிட்ஜ்: திருத்துவதா, மாற்றுவதா?

தெஹிவளைக்காரன்
நிசான் கரவன் வான் இல்லை, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற கரவன். மாமா இங்கிலாந்தில் இருந்து இறக்கியது. அதற்குள் இருப்பது காஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடுகிற பிரிட்ஜ். குளிர் நின்றுவிட்டது. பஞ்சிகாவத்தைப் பக்கம் விசாரித்து பிரிட்ஜ் திருத்துகிற ஒரு பாஸைக் கூட்டிவந்தேன். வெளி மூடியைக் கழற்றினால் குழாய் வளைவில் மஞ்சள் தூள் அப்பிக் கிடக்கிறது. அமோனியா நெடியில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மனிதர் அந்தத் தூளை நகத்தால் சுரண்டினார், ஊதினார், "தூசிதான் சேர், காஸ் அடிச்சால் சரி" என்றார். கம்பிரசரே இல்லாமல், மூடிய குழாயில் இருக்கும் அமோனியாவைச் சூடாக்கியே குளிர வைக்கிற பிரிட்ஜுக்கு எந்த இடத்தில் காஸ் அடிப்பது? அந்த மஞ்சள், குழாய் உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிற குரோமேட். அது வெளியே வந்தால் உள்ளே இருந்த அமோனியாவும் ஹைட்ரஜனும் போய்விட்டன என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகும் முகம் மாறாமல் முன்பணம் கேட்டாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

கொட்டாஞ்சேனை 13
உடனே தூக்கி எறிகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. என்னுடையதும் அதே வகை. கரண்டில் குளிர்ந்தது, காஸில் குளிரவில்லை. கேட்டவர்கள் எல்லாம் புதிதாக வாங்கச் சொன்னார்கள். பர்னர் குழாயைக் கழற்றித் தட்டினேன். குளவி கட்டிய மண்கூடு முழுசாக உள்ளங்கையில் விழுந்தது. புகைக்கரியையும் துடைத்துவிட்டுப் பற்றவைத்தால், மஞ்சளாக அலைந்த சுவாலை நீலமாக நிமிர்ந்து நின்றது. செலவு ஒரு பழைய பல்துலக்கி. தெஹிவளைத் தம்பி பொறுமையாகப் பார்த்திருக்கலாம்.

வயரிங் வேலைக்காரன்
பிரிட்ஜை விடுங்கள். நீர்கொழும்பில் ஒரு விடுதிக்காரர் அமெரிக்க டிரெயிலர் ஒன்றை அறையாக்கி வைத்திருந்தார். அது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ நம்முடைய 230ஐக் கொடுத்துவிட்டார்கள். மைக்ரோவேவின் உள்விளக்கு ஒரு கணம் கண்ணைக் கூசவைத்தது, பிறகு 'டப்'. கூரை ஏசியும் அதோடு சரி. உள்ளே கருகிய சர்க்கிட் போர்டை மட்டும் மாற்றித் தரச் சொல்லி அவர் நின்ற பிடிவாதம்! டிரான்ஸ்போர்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. அமெரிக்கச் சாமானைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். இங்கே கடையில் விற்கிற 230 வோல்ட் சாமானைப் போடுங்கள்.

பம்பலப்பிட்டி ஆசிரியை
நுவரெலியாவில் குளிர் தாங்காமல் பழைய காஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்தோம். நடு இரவில் எல்லோருக்கும் ஒரேமாதிரித் தலையிடி. என் கணவர் கதவை உதைத்துத் திறந்தார். அவ்வளவுதான் என் கதை. யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: பிரிட்ஜ் பழுதானால் பால்தான் திரியும், காஸ் ஹீட்டர் பழுதானால் காபன் மொனொக்சைட்டு, அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஹீட்டருக்குள் காஸ் எரிகிற பெட்டியில் வெடிப்பு விழுந்திருந்தால் ஒட்டுப்போட விடாதீர்கள், மாற்றுங்கள். காபன் மொனொக்சைட்டு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ரெகுலேட்டர் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே புதுசு. கசிவு பார்க்கச் சவர்க்காரத் தண்ணீர், நெருப்புக்குச்சி இல்லை! சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கீழேதான் தேங்கும். குளிருகிறது என்று தரைத் துவாரத்தைத் துணியால் அடைக்காதீர்கள். பிரிட்ஜுக்கும் ஒன்று: கதவு ரப்பரில் நூறு ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுங்கள். லேசாக வந்தால் ரப்பர்தான் பிழை. கரவன் சரிந்து நின்றாலும் கம்பிரசர் இல்லாத அந்த வகை பிரிட்ஜ் குளிராது, முதலில் மட்டம் பாருங்கள். கொழும்பு வெக்கையில் பின்பக்கம் சின்ன 12 வோல்ட் மின்விசிறி ஒன்றும் வைக்கலாம். அப்புறம்

கொட்டாஞ்சேனை 13
டீச்சர், பாதியில் அனுப்பிவிட்டீர்கள். ஆனால் 2020இல் இறக்குமதியை இறுக்கியபோது திருத்தித்தானே எல்லோரும் சமாளித்தோம்? 2022 காஸ் வரிசையில் நின்றவன் நான், எதையும் லேசில் வீசமாட்டேன்.

தெஹிவளைக்காரன்
அண்ணை, வாசித்துவிட்டுக் கதையுங்கள். உங்களுக்கு பர்னர் அடைப்பு, எனக்குக் குழாயே ஓட்டை. குளிர்ப் பகுதியை மட்டும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம்தான். அந்தச் செலவுக்குப் பக்கத்தில் 12 வோல்ட் கம்பிரசர் பிரிட்ஜே வருகிறது, சரிந்து நின்றாலும் குளிரும். அதையே வாங்கினேன். பழையது 12 வோல்ட்டில் நிற்காமல் இழுத்துப் பட்டரியைத் தின்னும், கார் ஓடும்போது மட்டும்தான் சரிவரும். இது விட்டு விட்டு ஓடுகிறது, கூரையில் ஒரு சோலார் தகடு போட்டால் போதும். பழைய பொந்து பெரிசு, சுற்றிப் பலகை அடிக்க வேண்டி வந்தது. பழையதன் கதவும் தட்டுகளும் நல்ல நிலையில் கராஜில் கிடக்கின்றன. வேண்டியவர்கள் வந்து எடுக்கலாம்.

கொட்டாஞ்சேனை 13
கதவுக் கைப்பிடி வெள்ளையா, சாம்பலா?