பண்டிகை அன்று கடையில் சாப்பாடு சொல்லி வைத்த அனுபவம் உண்டா?

வைகைக்கரை:

இன்னும் சில நாளில் தீபாவளி, அதனால்தான் கேட்கிறேன். போன வருடம் நடந்தது மனதை விட்டுப் போகவே இல்லை.

2024 தீபாவளி வியாழக்கிழமை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம், நான் பெங்களூரிலிருந்து மதுரை வந்து சேர்ந்தபோது புதன் நள்ளிரவு தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் விடிகாலை எண்ணெய்க் குளியல், லேகியம், அப்புறம் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான், வடை சுழியமெல்லாம் அதற்குப் பிறகு. அமாவாசை மறுநாள் என்பதால் கறி எடுப்பதில் தடையும் இல்லை. தெருமுனை மெஸ்ஸில் அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கம். ஆறு பேருக்குக் குழம்பும் சுக்காவும் காலை ஏழு மணிக்கு வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கிறார். கல்லாவில் இருந்தவர், "அதெல்லாம் ஆயிரும்ணே, தூக்குவாளி மட்டும் குடுத்து விடுங்க" என்றாராம்.

ஏழு மணிக்குப் போனேன். ஷட்டரில் சாக்பீஸில் மூன்று நாள் விடுமுறை என்று எழுதியிருந்தது. போன் அணைத்து வைத்திருந்தது. ஸ்கூட்டரில் சிம்மக்கல், மாசி வீதிகள், டவுன் ஹால் ரோடு என்று சுற்றினேன். திறந்திருந்ததெல்லாம் சைவ ஹோட்டல்கள். அசைவக் கடைகள் சாதாரண நாளிலேயே அந்த நேரத்துக்குத் திறக்காது. கடைசியில் சாம்பார் பார்சல் வாங்கிக்கொண்டு எட்டேகாலுக்கு வீடு வந்தேன்.

அப்பா புது வேட்டி கட்டி, இலை போட்டு, ஆளுக்கு நாலு இட்லி வைத்து உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதில் ஒரு சொட்டுக் குழம்புகூடப் படவில்லை, எதைக் கழுவினார்? அம்மா கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? இந்த வருடம் என்ன செய்யலாம்?

நாஞ்சில் மண்:

எங்களுக்கு ஓணத்தில் நடந்தது. குமரி மாவட்டத்தில் திருவோணத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, எங்கள் பக்கம் தமிழ் வீடுகளிலும் அன்று இலைச் சாப்பாடுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேருக்கு ஒரு கேட்டரிங்காரரிடம் சொல்லியிருந்தோம். அவியல், எரிசேரி, இஞ்சிப் பச்சடி, புளிசேரி என்று எல்லாம் நேரத்துக்கு வந்தது, ருசியிலும் குறை சொல்ல முடியாது. ஆத்தைக்கு வயது எண்பத்து மூன்று. பாயசத்தை இலையில் ஊற்றிப் போளியைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டால்தான் அவளுக்கு ஓணம். அன்று கவரைப் பிரித்தால் சேமியா பாயசம். பாலடைப் பிரதமனும் இல்லை, போளியும் இல்லை. "போளி எங்க மக்கா?" என்று என்னைத்தான் கேட்டாள், நான் அடுத்த வருசம் பாத்துக்கலாம் ஆத்தே என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஓணத்துக்கு ஆத்தை இல்லை.

சண்டை போட்டிருக்கலாம், ஆனால் கேட்டரிங்காரரிடம் நான் "பாயசம் உண்டு இல்லியா" என்றுதான் கேட்டேன், என்ன பாயசம் என்று கேட்கவே இல்லை. உங்கள் அப்பா செய்ததும் இதுதான் என்று தோன்றுகிறது. பழக்கத்தை நம்பி வாயால் சொல்லியிருக்கிறார், முன்பணம் கொடுக்கவில்லை. பணம் கைமாறாத ஆர்டர் ஆர்டரே கிடையாது. சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கீழே தொகையும் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

தேக்சா:

இரண்டு பேர் சொன்னதையும் படித்தேன். வைகைக்கரை, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் தீபாவளிக்குக் கடை மூடியதைக் குற்றம் மாதிரி எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அப்பா திண்டுக்கல்லில் முப்பது வருடம் பிரியாணி மாஸ்டர். நான் பத்தாவது படிக்கும்வரை ஒரு தீபாவளிக் காலையிலும் அவர் வீட்டில் இருந்ததில்லை. முதல் நாள் ராத்திரி போனால் மறுநாள் மதியம் மூன்று மணிக்கு வருவார். வெங்காயமும் புகையும் கலந்த அந்த வாடை இரண்டு குளியலுக்கும் போகாது. அம்மா எடுத்து வைத்த கறியைத் தொட மாட்டார், "ரசம் மட்டும் ஊத்து" என்பார். ஒரு வருடம் நான் என் பங்குப் பட்டாசில் பாதியை அவர் வந்த பிறகு வெடிக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். சத்தம் கேட்டு எழுந்துவிடுவாரே என்று அந்தப் பெட்டியைக் கார்த்திகை வரைக்கும் நான் பிரிக்கவில்லை. இன்றைக்குக் கடை ஆட்கள் மூன்று நாள் ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். முதலில், மெஸ் கல்லாவில் ஆர்டர் சொல்லாதீர்கள். கல்லாவில் இருப்பவர் யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்ப மாட்டார், அது அவர் தொழில். சமைக்கிறவரைப் பாருங்கள். எந்த ஊரிலும் கல்யாணம், காதுகுத்துக்குத் தனியாக ஆர்டர் எடுக்கும் மாஸ்டர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள், பாத்திரம் வாடகைக்கு விடும் கடையில் கேட்டால் பெயரும் போன் நம்பரும் கிடைக்கும், யார் நாணயமானவர் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். மாஸ்டரிடம் கறியோடு சேர்த்துப் பேசாமல், கறியை நீங்களே எடுத்துக் கொடுத்துச் சமையல் கூலி மட்டும் பேசிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்தே கறிக்கடையில் வரிசை நிற்கும், விலையும் ஏறியிருக்கும், அந்தத் தலைவலியை அவர் தலையில் கட்டினால் எங்கேயாவது குறைத்துத்தான் ஈடுகட்டுவார். இந்த வருடம் புரட்டாசி முடிந்த இரண்டு மூன்று நாளிலேயே தீபாவளி வருகிறது, ஒரு மாதம் கறி தொடாமல் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். பழகின கறிக்கடையில் இப்போதே சொல்லி வையுங்கள், தொடையும் நெஞ்செலும்பும் கலந்து கேளுங்கள், தனிக்கறியில் குழம்பு வைத்தால் சாறு இறங்காது.

அளவுக்கு வருகிறேன். இட்லிக்குக் குழம்பு என்றால் எலும்போடு ஒரு கிலோ கறி ஆறு பேருக்குச் சரியாக இருக்கும், சுக்காவுக்கு அரைக் கிலோ தனியாக. பிரியாணி சொல்கிறவர்களுக்கு: ஒரு கிலோ பிரியாணி என்றால் அரிசி ஒரு கிலோ என்றுதான் அர்த்தம், கறி எவ்வளவு என்பதைத் தனியாகக் கேளுங்கள். சீரகச் சம்பாவில் கிலோவுக்குக் கிலோ கறி போட்டால் எட்டுப் பேர் வயிறாரச் சாப்பிடலாம், பிள்ளைகள் கலந்திருந்தால் பத்து வரும். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு சீக்கிரம் புளித்துவிடும், விடிகாலை சமைத்து மத்தியானம் வரை வைக்கிறவர்கள் தேங்காயைக் குறைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கவரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வாங்காதீர்கள், தூக்குவாளிதான் சரி. அந்த ஒரு விஷயத்தில் அந்தக் கல்லாக்காரர் நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்.

வைகைக்கரை:

தேக்சா, கடை மூடியதை நான் குற்றம் என்று எழுதவில்லை, திரும்பப் படித்துப் பாருங்கள். அந்தப் பையன்களும் ஊருக்குப் போகத்தான் வேண்டும். முடியாது என்று திங்கள்கிழமை ஒரு போன் செய்திருந்தால் நான் பெங்களூரிலிருந்து கிளம்பும்போதே வேறு வழி பார்த்திருப்பேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நானே வைத்திருப்பேன். எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் டப்பா நிறைய இருந்தது. உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்து ரொம்ப நேரம் எதுவும் ஓடவில்லை.

மாத்திரைப் பை:

மருந்துக் கம்பெனி ரெப். பதினாறு வருடமாகத் தென் மாவட்டங்களில் சுற்றுகிறேன். 2019 பொங்கல் அன்று காரைக்குடியில் மாட்டிக்கொண்டேன், முதல் நாள் ராத்திரி கடைசி வேலை முடிந்தபோது சொந்த ஊருக்குப் பஸ் இல்லை. காலையில் லாட்ஜை விட்டு இறங்கினால் டீக்கடைகூட இல்லை. வழக்கமாகச் சாப்பிடும் இடம் ஒன்று உண்டு, ஒரு ஆச்சி வீட்டு முன்கட்டில் நாலு மேஜை போட்டு நடத்துவது, போர்டுகூடக் கிடையாது. மூடித்தான் இருக்கும் என்று தெரிந்தே போனேன். வாசலில் பெரிய கோலம், கதவு பாதி திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் யார், என்ன என்று எதுவும் கேட்காமல் உள்ளே வளவில் உட்கார வைத்து இலை போட்டார். வெண்பொங்கல், பரங்கியும் அவரையும் மொச்சையும் சேனையும் போட்ட பலகாய்க் குழம்பு, அப்புறம் சர்க்கரைப் பொங்கல். வெறும் மண் பானையிலிருந்து எடுத்தார், கழுத்தில் மஞ்சள் கொத்து அப்படியே இருந்தது. எழுந்து பர்ஸை எடுத்தேன். "பொங்கலும் அதுவுமா சோத்துக்குக் காசு வாங்கச் சொல்றீகளா?" என்று கேட்டார், குரலில் நிஜமான கோபம். அந்தக் கோபத்தில் நான் நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்து அந்தப் பக்கம் லைன் மாறிப் போய்விட்டது. இரண்டு வருடம் கழித்துப் போனபோது வீடு பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டில் மகனோடு போய்விட்டார் என்றார்கள். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, எனக்கு அவர் ஆச்சி, அவ்வளவுதான்.

பண்டிகைக்கு மட்டுமில்லை, நல்ல கடையைக் கண்டுபிடிப்பது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போனில் வரும் நட்சத்திரத்தைப் பார்த்துப் போகாதீர்கள். புதிதாகத் திறந்த கடைக்கு முதல் மாதமே குவிந்துவிடும், முப்பது வருடக் கடைக்கு எழுதுகிற ஆளே இருக்காது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சாப்பிடாதீர்கள், ஒரு தெரு உள்ளே போங்கள், கோர்ட், தாலுகா ஆபீஸ், மார்க்கெட் மண்டி இருக்கும் பக்கம். அங்கே தினமும் வருகிற ஆட்கள்தான் சாப்பிடுவார்கள், அவர்களை ஏமாற்றி ஒரு வாரம்கூடக் கடை நடத்த முடியாது. மதியம் ஒன்றேகாலுக்குப் போய்ப் பாருங்கள், இரண்டரைக்குப் போய்ப் பார்த்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது. "அது தீந்துருச்சு" என்று சொல்கிற கடை நல்ல கடை, எந்த நேரத்திலும் எல்லாம் இருக்கிற கடையில் ஃப்ரிட்ஜ் பெரிதாக இருக்கும். முதலில் ரசத்தை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், ரசத்தில் அக்கறை காட்டுகிறவர் மற்றதிலும் காட்டுவார். அந்த ஊருக்கென்று இருப்பதை அந்த ஊரில் சாப்பிடுங்கள். விருதுநகரில் எண்ணெய் பரோட்டா இருக்கும்போது எதற்கு ஃப்ரைடு ரைஸ்? மதுரையில் கோனார் கடைக் கறிதோசைக்கு நின்றால் நேரம் ஆகும், நில்லுங்கள். ஆம்பூர் பிரியாணியைத் தொட்டுக்கொள்ள வைக்கிற கத்திரிக்காயோடுதான் சாப்பிட வேண்டும், அதைத் தள்ளி வைத்துவிட்டு ஆம்பூர் பிரியாணி சுமார் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

தேக்சா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ஆறு பேருக்கெல்லாம் கல்யாண மாஸ்டர் வர மாட்டார், வந்தாலும் ஐம்பது இலைக் கையால் ஆறு பேர் குழம்புக்கு உப்புப் போடும்போது கணக்குத் தப்பிவிடும். வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கும் அக்காக்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். மாவு விற்கிற கடையில் கேளுங்கள்.

முத்துநகர்:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் முழுச் சாப்பாட்டையும் வெளியே சொல்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் மக்ரூனும் கடையில், பிரியாணி வீட்டில், இதுதான் கணக்கு. மக்ரூன் முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும்தான், ஆனால் அந்த அடுப்புப் பக்குவம் வீட்டில் வராது. ஒரு வருடம் மழை விடாமல் பெய்தது. கடைசி நாள் கூட்டத்துக்குப் பயந்து ஒரு வாரம் முன்பே இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். என் மகன் தினமும் டப்பாவைத் திறந்து இரண்டு எடுத்திருக்கிறான். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து விருந்தாளிகளுக்குத் தட்டில் வைத்தால் எல்லாம் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. அவனை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். ஏழு வயது. புதுச் சட்டையோடு படுத்துத் தூங்கிவிட்டான், காலையில் அவன் தலையணைக்குப் பக்கத்தில் எனக்கென்று எடுத்து வைத்திருந்த மக்ரூன் ஒன்று இருந்தது. இப்போது அவன் காலேஜ் போகிறான், அவனுக்கு அது நினைவே இல்லை என்கிறான்.

வைகைக்கரை, கறியை வெளியே விடாதீர்கள். இட்லியை வெளியே வாங்குங்கள், குழம்பை வீட்டில் வையுங்கள். இட்லி எந்தத் தீபாவளியிலும் கிடைக்கும்.

வைகைக்கரை:

முத்துநகர் சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உடனே மசாலா வறுக்க ஆள் தேவையில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே வறுப்பேன் என்கிறார். கறிக்கடையில் அப்பா இன்று காலை சொல்லிவிட்டு வந்தார், நாஞ்சில் மண் சொன்ன மாதிரி முன்பணமும் கொடுத்து, ஒன்றரைக் கிலோ, தொடையும் நெஞ்செலும்பும் கலந்து என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்திருக்கிறார். இட்லிக்கு மட்டும் தூக்குவாளியைக் கொண்டு போகப் போகிறேன், அதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.